மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில்

1871-ல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டாவை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், கண் முதலில் உச்சியில் இருக்கும் ஈயக் குண்டுக்குப் போகும். எடை 480 கிரெயின், ஏறக்குறைய 31 கிராம். இடுப்பைச் சுற்றி மெல்லிய காகிதம். அடுத்து, கீழே கிடக்கும் கருமருந்து தெரியும்: 85 கிரெயின், 5.5 கிராம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். மருந்தின் மேல் மெருகேற்றிய அட்டை வில்லை. அதன் மேல், நடுவில் குழிவிட்ட தேன்மெழுகு வில்லை. அதற்கும் மேல் மறுபடி அட்டை. அப்புறம்தான் குண்டு.

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியவர்கள் மருந்தைப் பற்றியும் குண்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நடுவில் அடைத்த பொருளுக்குக் கிடைத்தது அடிக்குறிப்பு. அது நியாயமில்லை. கந்தல் துணி, கிழித்த காகிதம், கொழுப்பு, தேன்மெழுகு, பஞ்சு, எலும்புத்தூள், அட்டை, சமையலறை ரவை என்று அந்த இடத்துக்கு வந்து போன ஒவ்வொரு பொருளும் அந்தந்தக் காலத்தின் கைக்கு எட்டியது எது, புத்திக்கு எட்டாதது எது என்று காட்டுகிறது. ஒரு முறை அது ஒரு பேரரசையே ஆட்டியிருக்கிறது.

அப்படி ஒன்றை அடைக்க வேண்டிய அவசியம் மருந்திலிருந்தே தொடங்குகிறது. கருமருந்து எரிந்தால் முழுவதும் வாயுவாகிவிடாது. ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடரிக் ஏபெல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூடிய எஃகுக் கலத்துக்குள் மருந்தை எரித்து அளந்து, 1875-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் திடக் கசடாகவே மிஞ்சுகிறது என்று அதில் தெரிந்தது. இந்தக் கசடு குழலின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் சில வேட்டுகளுக்குள் குறி தவறத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு வேட்டோடும் கொஞ்சம் கொழுப்போ மெழுகோ குழலுக்குள் போய்க் கசடை இளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இது முதல் தேவை. இரண்டாவது, மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் காற்று நிற்கக் கூடாது. நெருக்கி அடைத்த கருமருந்து வேட்டுக்கு வேட்டு ஒரே மாதிரி எரியும். இடைவெளி விட்டால் அழுத்தம் தாறுமாறாகும், குழல் வீங்கவும் செய்யும். மூன்றாவது, சூடான வாயு மென்மையான ஈயத்தின் அடியைத் தின்றுவிடாமல் தடுக்க ஒரு மூடி வேண்டும். மெழுகு இளக்கும், ஆனால் தாங்காது. அட்டை தாங்கும், ஆனால் இளக்காது. பஞ்சு இடத்தை நிரப்பும், மற்ற இரண்டும் அதற்கு வராது. இத்தனை அடுக்குகள் வந்தது இதனால்தான்.

வாய் வழியாகக் கெட்டித்த பழைய துப்பாக்கிகளில் இந்த வேலை தக்கையுடையது. மருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, சலாகையால் இடித்து, அதன் மேல் குண்டையோ ரவைகளையோ இறக்கி, அவை உருண்டு வெளியே வராமல் இருக்க மேலே இன்னொரு தக்கை வைப்பார்கள். கைக்குக் கிடைத்ததெல்லாம் தக்கையாயிற்று. கப்பல்களில் பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நார். தென்னை விளையும் கரைகளில் தேங்காய் நார். இங்கிலாந்தின் வேட்டைக்காரர்கள் பழைய கம்பளித் தொப்பிகளை வட்ட உளியால் வெட்டி வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் காடுகளில் குளவிகள் விட்டுப்போன கூட்டைப் பிய்த்து மருந்தின் மேல் வைக்கும் வழக்கம் வந்தது. கூடு காகிதம்போல மெல்லியது, ஆனால் காகிதம்போல எளிதில் கனன்று எரியாது. வாய்வழித் துப்பாக்கி சுடும் அமெரிக்கர்கள் இன்றும் குளவிக் கூட்டைத் தேடிப் பத்திரப்படுத்துகிறார்கள்.

கனன்று எரியும் தக்கை என்ன செய்யும் என்பதற்கு லண்டனே சாட்சி. 1613 ஜூன் 29 அன்று குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் எட்டாம் ஹென்றி நாடகம் நடந்துகொண்டிருந்தது. மன்னரின் வருகையை அறிவிக்கச் சிறு பீரங்கிகளை வெடித்தார்கள். குண்டு கிடையாது, தக்கை மட்டும். அது எரிந்தபடியே பறந்து வைக்கோல் கூரையில் விழுந்தது. பார்வையாளர்கள் முதலில் அதைப் பொருட்படுத்தாமல் நாடகத்தையே பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அரங்கு தரைமட்டமானது. உயிர்ச்சேதம் இல்லை, கால்சட்டையில் தீப்பிடித்த ஒருவரைப் புட்டியிலிருந்த பீரை ஊற்றிக் காப்பாற்றினார்கள் என்று சர் ஹென்றி வாட்டன் தம் கடிதத்தில் எழுதி வைத்தார்.

காகிதத் தக்கை ஒருவரைத் தூக்குமேடைக்கும் அனுப்பியிருக்கிறது. 1784-ல் லங்காஸ்டரில் எட்வர்ட் கல்ஷா என்பவரைக் கைத்துப்பாக்கியால் கொன்ற வழக்கு. காயத்துக்குள் நசுங்கிக் கிடந்த காகிதத் தக்கையை எடுத்து விரித்துப் பார்த்தார்கள். அதன் கிழிந்த ஓரம், ஜான் டாம்ஸ் என்பவரின் சட்டைப்பையில் இருந்த அச்சுத்தாளின் கிழிந்த ஓரத்தோடு அப்படியே பொருந்தியது. தடய அறிவியலின் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இந்த வழக்கை இன்றும் பாடம் சொல்கிறார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1780 ஜூன் 23 அன்று, நியூஜெர்சியின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்ற அமெரிக்க வீரர்களிடம் தக்கைக்குக் காகிதம் தீர்ந்துபோயிற்றாம். ஜேம்ஸ் கால்ட்வெல் என்ற பாதிரியார் தேவாலயத்துக்கு ஓடி, ஐசக் வாட்ஸ் எழுதிய பக்திப் பாடல் புத்தகங்களை அள்ளிவந்து கிழித்துக் கொடுத்தார் என்று அவ்வூரில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

1820-களின் இறுதியில் லண்டனின் ஈலி சகோதரர்கள் செய்து விற்ற தோட்டாவையும் இங்கே சொல்ல வேண்டும். வேட்டை ரவைகளைக் கம்பி வலைக் கூண்டில் போட்டு, ரவைகளுக்கு நடுவே எலும்புத்தூளை அடைத்தார்கள். குழலுக்குள் ரவைகள் ஒன்றோடொன்று மோதி நசுங்காமல் அது காத்தது. வெளியே வந்ததும் உதிர்ந்துபோயிற்று. நிரப்புவதற்கென்றே ஒரு பொருளைத் தேர்ந்து, அது எப்போது இருக்க வேண்டும், எப்போது இல்லாமல் போக வேண்டும் என்று திட்டமிட்ட முயற்சி அது.

இராணுவங்களின் யோசனை அவ்வளவு தூரம் போகவில்லை. 1853-ல் வந்த என்ஃபீல்டு ரைபிளின் தோட்டா வெறும் காகிதக் குழாய். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. சிப்பாய் மருந்து இருக்கும் முனையைப் பல்லால் கடித்துத் திறந்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டுவார். பிறகு தோட்டாவைத் திருப்பி, குண்டைக் காகிதத்தோடு குழலின் வாயில் செருகி, மிச்சக் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு சலாகையால் இடித்து இறக்குவார். குண்டைச் சுற்றியிருந்த அந்தக் காகிதமே இங்கே அடைப்பு. வழுக்கி இறங்கவும் கசடை இளக்கவும் அதன் மேல் கொழுப்பும் மெழுகும் கலந்த பூச்சு. கடிக்கும் முனை வேறு, பூச்சுள்ள முனை வேறு என்பது உண்மைதான். ஆனால் வடஇந்திய வெயிலில், தோல்பைக்குள் நெருங்கிக் கிடக்கும் தோட்டாக்களில், உருகும் கொழுப்பு எந்த முனையில் நிற்கும்?

இந்தக் கேள்வியை அவர்கள் கேட்காமல் இல்லை. பூச்சு வெப்பத்தைத் தாங்குமா என்று பார்ப்பதற்காக 1853-லேயே இந்தத் தோட்டாக்கள் இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய ஊர்களில் காவற்பணிச் சிப்பாய்களின் பைகளில் மாதக்கணக்கில் கிடந்தன. சாதி நம்பிக்கையைப் புண்படுத்தாத கொழுப்பு என்று உறுதியாகும்வரை இவற்றை இந்தியப் படைப்பிரிவுகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் கர்னல் டக்கர் அந்த ஆண்டு டிசம்பரில் எழுத்தில் எச்சரித்தார். வெப்பம் பற்றிய சோதனை நடந்தது. எச்சரிக்கை கோப்போடு நின்றுவிட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தவை அனைத்தையும் படித்துவிட்டு அந்தக் கடிதத்துக்குத் திரும்பினால் நெஞ்சு கனக்கிறது.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில், தாழ்ந்த சாதியாகக் கருதப்பட்ட தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டார். சாதி கெட்டுவிடும் என்று சிப்பாய் மறுத்தார். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப் போகிறவருக்குச் சாதி ஏது என்று தொழிலாளி திருப்பிக் கேட்டார். பேச்சு பாசறை பாசறையாகப் பரவியது. அரசாங்கம் அவசரமாக இறங்கி வந்தது. சிப்பாய்கள் மெழுகையும் எண்ணெயையும் தாங்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று மாத இறுதியில் உத்தரவு போட்டது. பல்லால் கடிப்பதற்குப் பதில் விரலால் கிழிக்கலாம் என்று கவாத்தையும் மாற்றியது. அதற்குள் சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குப் போய்விட்டது. புதுக் காகிதம் ஏன் இப்படிப் பளபளக்கிறது, அதற்குள்ளேயே எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். பிப்ரவரி 26 அன்று பர்ஹாம்பூரில் 19-ஆம் படைப்பிரிவு தோட்டாவை ஏற்க மறுத்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3-ஆம் குதிரைப்படையின் 90 பேரில் 85 பேர் மறுத்தார்கள். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள்தான். 85 பேருக்கும் விலங்கு பூட்டிய மறுநாள், மே 10 அன்று, கிளர்ச்சி வெடித்தது. அதற்கு நிலவரி, அவத் இணைப்பு, படையின் ஊதியம் என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாம் வந்து குவிய ஓர் இடம் வேண்டியிருந்தது. தோட்டாவைச் சுற்றிய பூச்சுக் காகிதம் அந்த இடமாயிற்று.

அதன் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு உட்சுவரில் வரி வெட்டாத குழல் கொண்ட துப்பாக்கிகளே கிடைத்தன. வெள்ளைப் படையிடம் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழையதையே இந்தியப் படைக்குக் கொடுப்பது என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. வெள்ளையருக்கு மார்ட்டினி வந்தபோது இவர்களுக்கு ஸ்னைடர். அவர்களுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தபோது இவர்களுக்கு மார்ட்டினி.

ஸ்னைடர் 1866-ல் வந்தது. பழைய என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கர் வகுத்த கதவைப் பொருத்தி, பின்வழியாகக் கெட்டிக்கும் ரைபிளாக மாற்றினார்கள். தோட்டாவை வடிவமைத்தவர் வுல்விச்சில் அரசு ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த எட்வர்ட் பாக்ஸர். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, காகிதத்தால் சுற்றி, அடியில் இரும்பு வட்டு பொருத்திய கூடு. அதற்குள் 70 கிரெயின் மருந்து, அதன் மேல் சிறிது பஞ்சு, பிறகு குண்டு. குண்டுக்குள்ளும் அடைப்புகள்: எடை சமநிலைக்காக முனையைக் குடைந்து அங்கே ஒரு மரத்துண்டு, அடிப்பகுதி விரிந்து குழலைப் பற்றிக்கொள்ள அங்கே சுட்ட களிமண் முளை. இந்த அமைப்பில் சிப்பாயின் வாய்க்கு வேலையே இல்லை. மெழுகும் கொழுப்பும் என்னவாக இருந்தாலும் எல்லாம் கூட்டுக்குள் மூடிக் கிடந்தன.

ஐந்து ஆண்டுகளில் மார்ட்டினி-ஹென்றி வந்தது. குழலின் விட்டம் 14.7 மில்லிமீட்டரிலிருந்து 11.4-க்குக் குறைந்தது, மருந்து 70-லிருந்து 85 கிரெயினாக ஏறியது. குறுகிய குழலில் அதிக மருந்து எரிந்தால் கசடு இன்னும் சீக்கிரம் அடைக்கும். அதற்காகவே அந்தத் தேன்மெழுகு வில்லை. மருந்து எரியும்போது அழுத்தத்தில் வில்லை நசுங்கி, குழலின் சுவரோடு பரவிப் பூசிக்கொண்டே போகும். அட்டை வில்லைகள் மெழுகு மருந்தோடு கலக்காமல் காத்தன. குண்டின் அடியோடு மெழுகு ஒட்டிக்கொள்ளாமலும் காத்தன. மெழுகு மருந்தில் ஊறினால் மருந்து சரியாக எரியாது. குண்டோடு ஒட்டிக்கொண்டு பறந்தால் குறி தப்பும். விலங்குக் கொழுப்பு 45 டிகிரிக்குள் இளகிவிடும். தேன்மெழுகு 60-ஐத் தாண்டினால்தான் உருகும். சூடான், தென்னாப்பிரிக்கா, வடமேற்கு எல்லை என்று பேரரசு சண்டையிட்ட வெயில் நிலங்களுக்கு அந்த வேறுபாடு பெரிது. டம்டம்மிலும் பூனாவுக்கு அருகே கிர்க்கியிலும் இந்தத் தோட்டாக்கள் உருவாயின.

இத்தனை கவனத்தோடு உள்ளே அடுக்கிய தோட்டாவைக் கைவிட்டது அதன் தோல்தான். சுருட்டிய பித்தளைத் தகடு மிக மெல்லியது. பையில் கிடந்து நசுங்கும்; ரைபிளின் சூடான அறையில் ஒட்டிக்கொள்ளும்; இழுக்கும்போது அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வரும். 1885 ஜனவரி 17 அன்று சூடானில் அபு கிளே சண்டையில் மணலும் வெப்பமும் சேர்ந்து பலருடைய ரைபிள்களை அடைத்துவிட்டன. அதன் பிறகு ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டிப் பித்தளைக் கூடுகள் வந்தன.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 1873-ல் அமெரிக்க இராணுவம் ஏற்ற ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவில் 70 கிரெயின் மருந்தும் 405 கிரெயின் குண்டும் இருந்தன. குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கி எடை குறைந்தது; அந்த மருந்தோடு சுட்டால் தோளைப் பதம் பார்த்துவிடும். அதற்காக மருந்தை 55 கிரெயினாகக் குறைத்தார்கள். கூடு மாறவில்லை, குண்டும் மாறவில்லை. மிச்சமான இடத்தை அட்டையால் அடைத்தார்கள். 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் 7-ஆம் குதிரைப்படை லகோட்டா, செயென் வீரர்களிடம் தோற்றபோது வைத்திருந்தவை இந்தத் தோட்டாக்கள்தான். வெளியே பார்த்தால் ரைபிளுக்கு எது, குதிரைப்படைக்கு எது என்று சொல்ல முடியாது. 1877 மார்ச் முதல் அடியில் ஆங்கில எழுத்து பொறித்து வேறுபடுத்தத் தொடங்கினார்கள்.

இரண்டு நாட்டு இராணுவங்களும் ஒரே பாடத்தைத்தான் கற்றன: கருமருந்தைக் குறைக்கலாம், ஆனால் அது காலி செய்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. பிரிட்டிஷ் குதிரைப்படையின் மார்ட்டினியிலும் அதே கூட்டுக்குள் 70 கிரெயின் மருந்தும் 410 கிரெயின் குண்டும் வைத்து மீதியை நிரப்பினார்கள்.

1888-ல் வந்த லீ-மெட்ஃபோர்டு இந்தப் பிரச்சினையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக மோதியது. அதன் சிறிய கூட்டில் கருமருந்தை அழுத்திக் கட்டியாக்கி, நடுவில் துளையிட்டு வைத்தார்கள். மருந்தே கூட்டை நிரப்பியது. ஆனால் அதன் காலம் அதிகம் நீடிக்கவில்லை. புகையில்லா மருந்து 1884-ல் பிரான்சில் பால் வியேயின் கைகளில் பிறந்திருந்தது. பிரிட்டனில் அதற்கு விடை தேடியவர்களில் ஒருவர், முன்பு கருமருந்தின் கசடை எடைபோட்ட அதே ஏபெல். அவரும் ஜேம்ஸ் டீவரும் 1889-ல் காப்புரிமை பெற்ற கார்டைட், நூலிழைகள் போன்ற வடிவில் கூட்டுக்குள் நிமிர்ந்து நின்றது. மேலே ஓர் அட்டை வில்லை மட்டும் மிஞ்சியது. கார்டைட்டில் சிறிதளவு வாசலினையும் சேர்த்தார்கள். குழலுக்கு வழுக்கல் கொடுக்கும் என்ற எண்ணம். அது மருந்து சீக்கிரம் கெட்டுப்போகாமல் காக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை, இந்தியப் படையின் தேவைக்காக இந்த மருந்தைச் செய்யவே அமைந்தது.

இராணுவம் முன்னேறிவிட்டாலும் பழைய துப்பாக்கிகள் சாகவில்லை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரிய விலங்குகளை வேட்டையாடிய வெள்ளையர்கள், கருமருந்துக்காகச் செய்த இரட்டைக்குழல் ரைபிள்களைக் கைவிட மனமில்லாமல் இருந்தார்கள். அவர்களுக்காகப் பர்மிங்ஹாமின் கைனோக் நிறுவனம் கார்டைட்டைக் குறைந்த அளவில் நிரப்பிய தோட்டாக்களை விற்றது. அதே வேகத்துக்குக் கார்டைட் கொஞ்சம் போதும். ஆகவே கூட்டில் பெரிய வெற்றிடம் உண்டாயிற்று. நிரப்பும் பொருளின் தேவை புதிய மருந்தோடு மறுபடியும் முளைத்தது. 1960-களில் அந்த நிறுவனம் பெரிய தோட்டாக்களைச் செய்வதை நிறுத்தியபின், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தாங்களே காலிக் கூடுகளை மறுபடி கெட்டிக்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியரான கிரேம் ரைட் எழுதிய இரட்டைக்குழல் ரைபிள் கையேடு அவர்களிடையே பெயர்பெற்றது. நிரப்புவதற்கு எது நல்லது என்ற ஆராய்ச்சிக்கு அதில் கணிசமான இடம் உண்டு.

2003-ல் இன்னொரு அலை வந்தது. காத்மாண்டில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனைக் கிடங்கில் நூற்றாண்டுக்கும் மேலாகக் குவிந்து கிடந்த ஆயுதங்களை நேபாள அரசு அமெரிக்க வணிகர்களுக்கு விற்றது. பிரவுன் பெஸ், என்ஃபீல்டு, ஸ்னைடர், மார்ட்டினி, நேபாளத்திலேயே செய்த கெகேந்திரா ரைபிள் என்று பல்லாயிரம் துப்பாக்கிகள் தூசியோடு கப்பல் ஏறின. வாங்கியவர்களில் பலருக்கு அவற்றைச் சுவரில் மாட்டி வைப்பதில் மட்டும் திருப்தி இல்லை. சுட்டுப் பார்க்க ஆசை. தோட்டா கடையில் கிடைக்காது. பிரேசிலில் செய்யும் 24 கேஜ் பித்தளை வேட்டைத் தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தை நெருக்கி மார்ட்டினி கூடாக மாற்றினார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பாக்ஸரின் பழைய கூட்டில் உள்ளே காகிதப் படலமும் அடியில் தடித்த அடுக்குகளும் இடத்தை அடைத்திருந்தன. புதிய கூடு உள்ளே விசாலமானது. பழைய அளவான 85 கிரெயின் மருந்தைப் போட்டால் குண்டுவரை எட்டவில்லை.

என்ன போட்டு நிரப்புவது? சமையலறைக்குத்தான் முதலில் போனார்கள். அமெரிக்கர்கள் சோளமாவையும் கஞ்சிக்கான கோதுமைக் குருணையையும் எடுத்தார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ரவை. மலிவு, சீராகக் கொட்டும், அழுத்தினால் நிற்கும். ஆனால் குருணைக்கு எடை உண்டு. அந்த எடையையும் மருந்து தள்ளியாக வேண்டும் என்பதால் அழுத்தம் ஏறும். வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பயணம் செய்த தோட்டாவில் குருணை மெல்ல மருந்துக்குள் இறங்கிக் கலந்துவிடும். மார்ட்டினி போலக் கழுத்து குறுகும் கூட்டில் ஆபத்து இன்னும் அதிகம்: அகலமான உடம்பிலிருந்து ஒடுக்கமான கழுத்துக்குள் குருணை நெருக்கிக்கொண்டு கட்டியாக இறுகலாம்.

அடுத்து பஞ்சுகள். கழிப்பறைக் காகிதம் முதல் தலையணைப் பாலியஸ்டர் வரை சோதித்தார்கள். காகிதம் கனன்றுகொண்டே தரையில் விழும். காய்ந்த புல்வெளியில் அது பொல்லாத வேலை. பாலியஸ்டர் சூட்டில் உருகிக் குழலில் கறைபடியும். பலரும் கடைசியில் வந்து சேர்ந்தது இலவம் பஞ்சிடம். போடிநாயக்கனூர்ப் பக்கம் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கும் அதே பஞ்சு. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு ஜாவா தீவிலிருந்து உலகெங்கும் போய் உயிர்காப்பு உடைகளில் நிரம்பிய பஞ்சு. அதன் இழை உள்ளே குழாய்போல வெறுமையானது. எடை மிகக் குறைவு. மெழுகுப் படலம் இருப்பதால் ஈரம் ஏறாது. பருத்தியைப் போலக் கட்டிபிடிக்காமல், விட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு உப்பி நிற்கும். கழுத்து குறுகிய கூட்டுக்கு இந்தக் குணமே முக்கியம், ஏனென்றால் நெருக்கும்போது அது இறுகி அடைப்பதில்லை. தீப்பிடிக்கும் குறை இதற்கும் உண்டு. காய்ந்த புல்லில் கவனம் வேண்டும்.

ஆனால் எந்தப் பொருள் என்பதைவிட அது கூட்டுக்குள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியவர் அமெரிக்கரான சார்லி டெல். பழைய ஒற்றைவேட்டு ரைபிள்களில் குறி பார்த்துச் சுடுவோரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டு, அது சிந்தாமல் இருக்க மேலே ஒரு தக்கையை அழுத்தி வைப்பார்கள். குண்டை முன்பே தனியாகக் குழலுக்குள் செருகியிருப்பார்கள். தக்கைக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று. இப்படிச் சுட்ட ரைபிள்கள் பலவற்றில் குண்டின் அடி இருந்த இடத்தில் எஃகு வட்டமாக வீங்கி ஒரு வளையம் உண்டானது. மருந்தைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு, எஃகைக் குற்றம் சொன்னவர்களும் உண்டு. டெல் வேண்டுமென்றே குழல்களைக் கெடுத்துப் பார்த்தார். தக்கை மருந்தோடு ஒட்டியிருந்து முன்னால் வெற்றிடம் இருந்தால், தக்கை அந்த வெற்றிடத்தில் குண்டுபோலப் பாய்ந்து, நின்றுகொண்டிருக்கும் ஈயத்தின் அடியில் மோதுகிறது. அந்த மோதலின் அழுத்தம்தான் எஃகை வீங்க வைக்கிறது என்று திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். வேன் ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் வந்தபின், தக்கையைப் பாதியில் நிறுத்தும் வழக்கத்துக்குப் பலர் முழுக்குப் போட்டார்கள். அடைப்பதானால் மருந்திலிருந்து குண்டுவரை ஒரு மயிரிழை விடாமல் அடைக்கிறார்கள். புகையில்லா மருந்தில் அது முடியாவிட்டால் எதையும் வைக்காமல், குழலை ஒரு கணம் நிமிர்த்தி மருந்தைப் பின்பக்கம் சேர்த்துவிட்டுச் சுடுகிறார்கள். பழைய ரைபிளை விலைபேசும் அனுபவசாலிகள், மரத்தையும் வேலைப்பாட்டையும் பார்ப்பதற்கு முன் குழலுக்குள் விளக்கை நீட்டி, அந்த வளையத்தின் நிழல் தெரிகிறதா என்றுதான் தேடுகிறார்கள். தெரிந்தால் விலை பாதியாகச் சரிந்துவிடும்.